மண்டபத்தைக் கடைசியில் பிடியுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு மாசி மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் களுதாவளையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் ஒரு பென்ட்ரைவ்.

"தம்பி, மண்டபம் எடுத்தாச்சு. பங்குனி இருபதாம் திகதி. அழைப்பிதழும் அடிச்சிட்டன். புத்தகத்த மட்டும் ஒருக்காப் பாத்துத் தாங்க."

"சேர், புறூப் யாரும் பாத்தவங்களா?"

"இல்ல. அதுக்குத்தானே உங்களிட்ட வந்தன்."

உள்ளே 212 பக்கம் இருந்தது. நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எடுக்கவில்லை. அணிந்துரை வந்து சேரவில்லை. அட்டைக்குப் படம் கிடையாது. விழாவுக்கு இருந்ததோ ஐந்து கிழமை. முப்பது வருடமாக எழுதிச் சேர்த்த கதைகள் அந்த ஐந்து கிழமைக்குள் அவசரமாக அச்சேறின. பிழைகளும் கூடவே ஏறின.

களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை இருபதுக்கு மேற்பட்ட நூல்களுக்குத் தட்டச்சு, மெய்ப்பு, பக்க வடிவமைப்பு என்று ஏதோ ஒரு வேலையில் கூட நின்றிருக்கிறேன். இடறியவர்களில் எழுதத் தெரியாதவர் என்று ஒருவரும் இல்லை. வேலைகளின் வரிசை தலைகீழாகப் போனதுதான் எல்லாருக்கும் பிரச்சினை. அதனால் இங்கே வரிசையைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

கைப்பிரதி முடிந்த நாளிலிருந்து நூல் கைக்கு வர ஏழு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் நம் நாட்டில் தேசிய வாசிப்பு மாதம். நூலகங்களும் பாடசாலைகளும் புத்தகத்தைத் தேடும் மாதம் அது. செப்டெம்பரில் நூல் கையில் இருக்க வேண்டுமென்றால் மாசியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முடிந்த கைப்பிரதி வேண்டும். "இன்னும் இரண்டு கதை எழுதிப் போடலாம்" என்ற நிலையில் தட்டச்சுக்குக் கொடுக்காதீர்கள். இடையில் ஒரு கதை புகுந்தால் பக்க எண், பொருளடக்கம், அட்டையின் முதுகு அகலம் எல்லாம் மாறும்.

திரும்பி வராவிட்டாலும் வீட்டுச் செலவு தடுமாறாத ஒரு தொகைக் காசு வேண்டும். நகை அடகு வைத்து நூல் போட்ட இருவரை எனக்குத் தெரியும். அந்தக் காசு திரும்பி வர மூன்று வருடத்துக்கு மேல் சென்றது.

இன்னொன்றை எவரும் முன்கூட்டிச் செய்வதில்லை. ஒரு கொப்பியை எடுத்து, இந்த நூலைக் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்கள் என்று நீங்கள் உண்மையாக நம்பும் ஆட்களின் பெயரை எழுதுங்கள். சொந்தக்காரர், பழைய மாணவர், கூட வேலை செய்தவர், வெளிநாட்டில் இருப்பவர், முகநூலில் உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிப்பவர். பெயருக்குப் பக்கத்தில் ஊரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். எத்தனை பிரதி அடிப்பது என்பதை இந்தக் கொப்பிதான் முடிவு செய்யும். 9ஆம் பகுதியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

## 2. கைப்பிரதியை மூன்று பேரிடம் கொடுங்கள்

அந்த மூவரில் ஒருவர் இலக்கியம் அதிகம் வாசிப்பவராக இருக்கட்டும். மற்றவர் நீங்கள் எழுதிய வாழ்க்கையை நேரில் அறிந்தவர். வேளாண்மை பற்றிய கதை என்றால் வயல் சொந்தக்காரரான ஒரு போடியாரோ, வயலுக்கு நீர்ப் பங்கீடு பார்க்கும் வட்டவிதானையோ பார்க்க வேண்டும். சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும் முறையை மாற்றி எழுதிய ஒரு கதையை, வயலில் நின்ற ஒருவர் இரண்டே நிமிடத்தில் பிடித்தார். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் மூன்று பேர் அதே கதையை வாசித்தும் அது அவர்கள் கண்ணில் படவில்லை. மூன்றாமவர் உங்களுக்குப் பெரிதாகப் பழக்கம் இல்லாத ஒருவர்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதனால் "எந்த இடத்தில வாசிக்கிறத நிப்பாட்டினீங்க?" என்று கேளுங்கள். மூவரும் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தில் கை வைத்தே ஆக வேண்டும்.

தொகுப்பு நூல் என்றால் எழுதிய எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம். இருபத்தைந்து கதையில் பதின்மூன்று நின்றாலும் போதும். பலமில்லாத கதை ஒன்று நடுவில் இருந்தால் வாசகர் அதோடு புத்தகத்தை மூடிவிடுவார். அதற்குப் பின்னால் இருக்கும் நல்ல கதை வாசிக்கப்படாமலே போகும்.

## 3. தட்டச்சும் எழுத்துருவும்: முற்றுப்புள்ளியிலும் காற்புள்ளியிலும் கண் வையுங்கள்

காசும் மானமும் அதிகம் போகும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்து அச்சகங்களில் பல இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வேலை செய்கின்றன. தொலைபேசியிலும் இணையத்திலும் நாம் எழுதுவது யூனிகோட். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சில எழுத்துகள் வேறாகிவிடும்.

இப்படித்தான் நடக்கிறது. பாமினியில் ஆங்கில விசைப்பலகையின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. காற்புள்ளி இருக்கும் இடத்தில் 'இ' இருக்கிறது. உண்மையான காற்புள்ளி வேறொரு விசையில். மாற்றும்போது கவனிக்காவிட்டால், காற்புள்ளி போட்ட இடமெல்லாம் 'இ' என்று நிற்கும். என்னுடைய முதல் தொகுப்பின் 37ஆம் பக்கத்தில் "வயலும்இ வாவியும்இ வெளிச்சவீடும்" என்று அச்சாகியிருந்தது. வடிவமைத்தவர் பார்க்கவில்லை, அச்சகமும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. 500 பிரதியிலும் அப்படியே இருந்தது. விழா முடிந்த இரவு ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்து, "அண்ணன், அந்த 'இ' எதுக்குப் போட்டிருக்கீங்க? ஏதும் அர்த்தம் இருக்கா?" என்று மரியாதையோடு கேட்டாள்.

அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் அச்சகத்திடம் எந்த எழுத்துருவில் வடிவமைப்பார்கள் என்று கேளுங்கள். யூனிகோட்டில் நேரடியாக வடிவமைக்கும் அச்சகம் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. பிறகு மின்னூல் ஆக்குவதென்றாலும், இணையத்தில் ஒரு பகுதியைப் போடுவதென்றாலும் அதே கோப்பு உதவும்.

பாமினிதான் என்றால், மாற்றிய பின் வேர்ட் கோப்பில் தேடல் பெட்டியைத் திறந்து, சொல்லின் கடைசியில் வரும் 'இ' எழுத்தைத் தேடுங்கள். தமிழில் ஒரு சொல்லின் நடுவிலோ கடைசியிலோ தனி 'இ' வருவது மிக அரிது. ஆகவே அகப்படுபவை பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும். அதன்பின் மேற்கோள் குறிகளையும் அடைப்புக் குறிகளையும் எண்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆங்கிலச் சொல் எங்காவது இருந்தால் அதுவும் பொருளற்ற தமிழ் எழுத்தாக மாறியிருக்கலாம்.

யூனிகோட்டில் எழுதுவோர் செய்யும் பிழை வேறு வகை. துணைக்கால் (ா) போட வேண்டிய இடத்தில் 'ர' போடுவது, 'ஔ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' இரண்டையும் சேர்த்துப் போடுவது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். தேடும்போதும் எழுத்துரு மாற்றும்போதும் குட்டு வெளிப்படும்.

வயதானவர்கள் இப்போது தொலைபேசியில் பேசியே எழுத்தாக்குகிறார்கள். கை நடுங்குபவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த வசதி நிறுத்தக்குறிகளைப் பெரும்பாலும் சரியாகப் போடாது. நம் ஊர்ப் பேச்சையும் அது தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிவிடும். பேசி முடித்த அன்றே, என்ன சொன்னோம் என்பது நினைவில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே விளங்காது.

## 4. ஊர்ச்சொல் பட்டியல் ஒன்று செய்யுங்கள்

மெய்ப்புக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பின்னால் செய்து பயனில்லை.

"மறுகா அவன் கிறுகிப் பாத்தான்" என்று நீங்கள் எழுதுகிறீர்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மெய்ப்புப் பார்ப்பவர் "மறுகா" என்பதைத் தட்டச்சுப் பிழை என்று எடுத்து "மறுபடி" என்று போடுவார். "கிறுகி" என்பது "திரும்பி" ஆகும். அவரில் பிழையில்லை, நீங்கள் சொல்லாதது அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் கதையின் உயிர் அந்த இரண்டு சொல்லில்தான் இருந்தது.

ஒரு தாளில் இரண்டு நிரல் போடுங்கள். முதல் நிரலில் மாற்றக்கூடாத ஊர்ச்சொற்கள்: மறுகா, கிறுகு, வட்டை, முல்லைக்காரன், வாடி. இரண்டாவதில் இரண்டு விதமாக எழுதக்கூடிய சொற்களும், இந்த நூலில் நீங்கள் தெரிவு செய்த வடிவமும். "கோவில்" என்பதா "கோயில்" என்பதா? "பாடசாலை" என்பதா "பள்ளிக்கூடம்" என்பதா? காத்தான்குடி, சம்மாந்துறை, மருதமுனைப் பக்கத்து வாழ்க்கையை எழுதுவோர் அறபுவழிச் சொற்களுக்கும் இதைச் செய்ய வேண்டும். "தொழுகை", "நோன்பு" என்பவற்றில் சிக்கல் இல்லை. பெயர்களில்தான் ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் வந்து நிற்பார்.

வெளியூர் வாசகருக்காகக் கதைக்குள்ளேயே விளக்கம் எழுத வேண்டாம். பின்னால் ஒரு பக்கத்தில் சொல் விளக்கம் போட்டால் போதும்.

## 5. மெய்ப்புப் பார்த்தல்

எழுதியவர் தனியாக மெய்ப்புப் பார்க்கக்கூடாது. தாளில் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது, மனதில் இருப்பதுதான் தெரியும்.

மூன்று சுற்று வையுங்கள். முதற் சுற்றில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் கைப்பிரதியைச் சத்தமாக வாசிக்க மற்றவர் அச்சுத் தாளைப் பார்க்க வேண்டும். விடுபட்ட வரியைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டாம் சுற்று எழுத்துப் பிழைக்கு: ல, ள, ழ, பிறகு ர, ற, பிறகு ந, ன, ண. வல்லினம் மிகும் இடங்களை இலக்கணம் தெரிந்த ஒருவரிடம் விடுங்கள். மூன்றாம் சுற்று வடிவமைப்பு முடிந்த பின். அப்போது கதையை வாசிக்க வேண்டாம். பக்க எண், தலைப்புகள், பொருளடக்கத்தின் எண்கள் இவற்றை மட்டும் பாருங்கள்.

திரையில் பார்க்காமல் தாளில் எடுத்துப் பாருங்கள். 160 பக்கத்தை அச்செடுக்கும் காசு, ஒரு தாளைத் திருப்பி அடிக்கும் காசில் சிறு பங்குதான்.

உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அட்டையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பெரிய எழுத்தில் இருப்பதால் பிழை இராது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நூலின் பெயர் முன்னட்டை, முதுகு, உள் தலைப்புப் பக்கம், பதிப்பு விபரப் பக்கம் ஆகிய நான்கு இடத்தில் வரும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

## 6. அணிந்துரை, வாழ்த்துரை

ஓர் அணிந்துரையும் உங்கள் உரையும் போதும். ஆறு வாழ்த்துச் செய்தி போட்ட நூலில் முதற் கதை 31ஆம் பக்கத்தில் தொடங்கியது. வாங்குபவர் கடையில் புரட்டுவது முதற் சில பக்கத்தைத்தான். அங்கே உங்கள் எழுத்து இருக்க வேண்டும்.

கேட்கும்போது திகதி சொல்லிக் கேளுங்கள். "சேர், சித்திரை முடியுமுன் தந்தால் உதவி" என்று மரியாதையாகச் சொல்லலாம். பிந்தினால் என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். அணிந்துரை இல்லாமலும் நூல் வரும். அணிந்துரைக்காக இரண்டு மாதம் காத்திருந்து, அதற்குள் கடதாசி விலை ஏறிக் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## 7. ஐஎஸ்பிஎன் எடுத்தல்

நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் முடிவான பிறகு, வடிவமைப்பு முடியுமுன் இதைச் செய்ய வேண்டும். பெயரை மாற்றினால் பதிவில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் வேறாகிவிடும் என்பதால் முந்தக்கூடாது. எண் பதிப்பு விபரப் பக்கத்திலும் பின்னட்டையிலும் ஏற வேண்டும் என்பதால் பிந்தவும் கூடாது.

இலங்கையில் இதைக் கொடுப்பது கொழும்பு 7, சுதந்திர அவென்யூவில் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. பதிப்பகம் இல்லாமல் நீங்களே வெளியீட்டாளராகவும் விண்ணப்பிக்கலாம். தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விபரப் பக்கத்தையும் அச்செடுத்துத் தயாராக வைத்திருங்கள். விண்ணப்பிக்கும் முன் தொலைபேசியில் அழைத்து அன்றைய கட்டணத்தையும் தேவையான தாள்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் 13 இலக்கம். இலங்கை நூல்களில் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். வடிவமைப்பவர் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் இலக்கத்தை 1ஆலும் இரண்டாவதை 3ஆலும் மூன்றாவதை 1ஆலும் என மாறி மாறிப் பெருக்கி, பதின்மூன்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10ஆல் மீதியின்றிப் பிரிபட வேண்டும். பிரிபடாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் ஒரே எண்ணைப் போடக்கூடாது. மாற்றமில்லாமல் மீள அச்சிட்டால் பழைய எண் போதும். கதைகளைச் சேர்த்தோ திருத்தியோ புதிய பதிப்புப் போட்டால் புதிய எண் எடுக்க வேண்டும்.

பதிப்புரிமைக்கென்று தனியாகப் பதிய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுட்காலமும் அதன் பின் 70 வருடமும் அது இருக்கும். அதே சட்டம் மற்றவர் எழுத்தையும் படத்தையும் காக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இணையத்தில் எடுத்த படத்தை அட்டையில் போட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டவர் உண்டு. கல்லடிப் பாலத்தையோ வாவியையோ படம் எடுக்க நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவரிடம் கேட்டு, ஒரு தொகை கொடுத்து, உள்ளே அவர் பெயரையும் போடுங்கள்.

## 8. பக்க வடிவமைப்பும் அட்டையும்

பக்க எண்ணிக்கை 16ஆல் பிரிபட வேண்டும், குறைந்தது 8ஆல். பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அச்சடித்து மடிப்பதால் இந்தக் கணக்கு. 163 பக்கம் வந்தால் மிச்சப் பக்கங்களுக்கும் காசு கொடுத்து வெறுமையாக விட வேண்டியிருக்கும். அப்படி வந்தால் மூன்று பக்கத்தைக் குறைத்து 160 ஆக்குங்கள். ஒரு வாழ்த்துச் செய்தியை எடுத்தாலே சரிவரும்.

எழுத்தின் அளவைக் குறைத்துப் பக்கத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். நம் நூல்களை வாங்குபவர்களில் பலர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். ஒரு பக்கத்தை அச்செடுத்து, மின்குமிழ் வெளிச்சத்தில் உங்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அட்டையின் முதுகு அகலத்தை உள்பக்கம் முடிந்த பிறகே கணக்கிட முடியும். 80 கிராம் கடதாசியில் 100 தாள் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வரும். 160 பக்கம் என்றால் 80 தாள், 8 மில்லிமீற்றர். முதுகில் பெயர் கட்டாயம் போடுங்கள். நூலக இறாக்கையில் நிற்கும் நூலுக்கு முதுகுதான் முகம்.

திரையில் தெரியும் நிறம் அச்சில் வராது. பளிச்சென்ற நீலமும் பச்சையும் மங்கிவிடும். அட்டையை ஒரு தாளிலாவது அச்செடுத்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

பதிப்பு விபரப் பக்கத்தில் முதற் பதிப்பின் மாதமும் வருடமும் தெளிவாக இருக்க வேண்டும். அரச சாகித்திய விருதும் கிழக்கு மாகாண நூற் பரிசும் பதிப்பு வருடத்தைப் பார்த்தே நூல்களை ஏற்கின்றன. அட்டையில் ஒரு வருடமும் உள்ளே ஒரு வருடமும் இருந்தால் வீண் சிக்கல்.

## 9. எத்தனை பிரதி, என்ன விலை

இப்போது 1ஆம் பகுதியில் எழுதிய கொப்பியை எடுங்கள். அதில் 140 பெயர் இருந்தால் அதில் பாதிப்பேர் வாங்குவார்கள் என்று வையுங்கள். அதோடு விழாவில் போகும் பிரதி, நூலகங்களுக்குப் போவது, இலவசமாகக் கொடுக்க வேண்டியது. முதல் நூலுக்கு 300 பிரதிக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அச்சகத்தில் வேறு கணக்குச் சொல்வார்கள். "முந்நூறுக்கு இவ்வளவு, ஐந்நூறுக்கு இன்னும் கொஞ்சந்தான் கூட" என்பார்கள். அது உண்மைதான். தகடும் இயந்திர ஆயத்தமும் ஒரே செலவு என்பதால் பிரதி கூடக் கூட ஒன்றின் விலை குறையும். ஆனால் விற்காத 200 பிரதியின் அடக்கத்தையும் விற்ற 300தான் சுமக்கிறது. கோப்பு உங்களிடம் இருந்தால் வேண்டியபோது மீள அடிக்கலாம்.

இனி விலை. ஒரு பிரதியின் அடக்கம் 400 ரூபா என்று ஒரு கணக்குக்கு எடுப்போம். நீங்கள் 600 விலை போடுகிறீர்கள். கடை 35 வீதம் கழிவு கேட்கிறது, அது 210 ரூபா. உங்களுக்கு வருவது 390. ஒவ்வொரு பிரதிக்கும் 10 ரூபா நட்டம். 800 போட்டால் கழிவு 280, வருவது 520. அந்த 120இலிருந்துதான் இலவசப் பிரதிகளின் செலவும் தபால் செலவும் போக வேண்டும். அடக்க விலையில் இரண்டு மடங்குக்குக் கீழே விலை போடாதீர்கள். சனம் வாங்காது என்று பயந்து குறைத்தால் கடைக்குக் கொடுக்கவே முடியாமல் போகும்.

இலவசப் பிரதியை முதலிலேயே எண்ணிப் பாருங்கள்: அணிந்துரை எழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர்கள், அட்டைப் படம் எடுத்தவர், விழாப் பேச்சாளர்கள், பத்திரிகைகள், விருதுகளுக்கு அனுப்புவது, தேசிய நூலகம், சுவடிகள் திணைக்களம். 40 பிரதிக்குக் குறையாது.

## 10. அச்சகத்தோடு பேசுதல்

மூன்று அச்சகத்தில் எழுத்திலே விலை கேளுங்கள். உள் கடதாசியின் கிராம், அட்டையின் கிராம், நூல் அளவு, பக்கம், பிரதி, கட்டுமுறை, ஒப்படைக்கும் திகதி, பொதி கொண்டுவரும் செலவு யாருடையது என்பவை எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் 70 கிராமுக்கும் மற்றவர் 80 கிராமுக்கும் விலை சொல்வார்கள். நீங்கள் குறைந்ததை மலிவு என்று எடுப்பீர்கள். 2022இல் கடதாசித் தட்டுப்பாடு வந்தபின் அச்சகங்கள் விலையை நீண்ட நாளுக்குப் பிடித்து வைப்பதில்லை. சொன்ன விலை எத்தனை நாளுக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பிரதி கட்டிக் கேளுங்கள். நடுப்பக்கத்தை விரித்து அழுத்திப் பாருங்கள். தாள் கழன்று வந்தால் பசை சரியில்லை. முன்பணம் கொடுப்பது வழக்கம். மிச்சத்தைப் பிரதிகளை எண்ணி, பொதிக்கு ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டப்படி நூலின் பிரதிகள் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். அது அச்சகத்தின் கடமை. ஆனாலும் அனுப்பினார்களா என்று நீங்களும் கேளுங்கள்.

## 11. விழா

நூல் கைக்கு வந்த பிறகுதான் மண்டபம்.

நாள் தெரிவு செய்யும்போது ஐப்பசிக் கடைசி முதல் தை வரையான மாரியைத் தவிருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், நோன்பு மாதம், வெள்ளி மதியம், ஆசிரியர்கள் ஓய்வில்லாமல் இருக்கும் பரீட்சைக் காலம் இவற்றையும் பாருங்கள். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்து ஊரில் காசு புழங்கும். வயல் ஊர்களில் விழா வைப்போருக்கு அதுவே நல்ல நேரம்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. நயவுரைக்கு இரண்டு பேர் போதும். நூலை மூன்று கிழமை முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மேடையில் வைத்து முதன்முறை நூலைத் திறப்பவர் உங்களைப் பற்றிப் பேசுவார், நூலைப் பற்றிப் பேசமாட்டார்.

விற்பனை மேசையை வாசலில், விழா தொடங்கு முன்பே போடுங்கள். நன்றியுரைக்குப் பிறகு திறந்தால் பாதிப்பேர் கடைசி பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள். மேசையில் ஒரு கொப்பியோடு பொறுப்பான பிள்ளை ஒருவர் இருக்க வேண்டும். வாங்கியவர் பெயர், ஊர், வட்ஸ்அப் எண். மேடையில் சிறப்புப் பிரதி பெற்றுக் காசு வைத்த கடித உறை கொடுத்தவர்களின் விபரத்தையும் இதில் எழுதுங்கள். உறையை மட்டும் எண்ணிவிட்டு இந்தக் கொப்பியை விட்டவர்கள், இரண்டாவது நூலுக்கு மறுபடி வெறுங்கையோடுதான் தொடங்கினார்கள்.

## 12. அடுத்த நாள் தொடங்கும் வேலை

விழா முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து நூலைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். வாசகரைத் தேடும் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

முதல் மாதத்துக்குள் கொப்பியில் இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி அனுப்புங்கள். குழுவில் பொதுவாகப் போடும் செய்திக்கு வாழ்த்து வரும், விற்பனை வராது. பெயர் சொல்லி, "வாசிச்சிட்டீங்களா, எந்தக் கதை நிண்டது?" என்று கேளுங்கள். பதில் சொன்னவர்களில் சிலரிடம் அதையே நான்கு வரியில் முகநூலில் எழுதக் கேட்கலாம்.

நூலகங்களுக்கு நேரில் போங்கள். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை நூலகங்கள் வருடத்துக்கு ஒரு தொகைக்கு நூல் வாங்கும். விலைக்கோரல் தாளும் பற்றுச்சீட்டும் இருந்தால்தான் அவர்களால் வாங்க முடியும். அவற்றைத் தயாராகக் கொண்டுபோகாமல் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வருவதே பலரின் பழக்கம். ஒன்றை அன்பளிப்பாகக் கொடுங்கள், இரண்டை வாங்கச் சொல்லிக் கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. பத்துப்பேர் நூலை வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசும் ஒரு மாலை, முந்நூறு பேர் மண்டபத்தைவிட உங்கள் எழுத்துக்கு அதிகம் செய்யும்.

பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மாகாணப் பரிசுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் அவர் வழியாகத்தான் ஊருக்கு வந்து சேரும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் படிக்கும் மாணவர் ஆய்வுக்கு நூல் தேடுகிறார்கள். அந்த நூலகங்களில் உங்கள் நூல் இல்லாவிட்டால் அவர்களுக்கு நீங்கள் இல்லை.

வெளிநாட்டு வாசகருக்குத் தபாலில் அனுப்பினால் நூலின் விலையைவிடத் தபால் செலவு கூடும். விடுமுறைக்கு வந்து போகிறவர்களிடம் பத்துப் பத்தாகக் கொடுத்தனுப்புங்கள். அங்கே ஒருவர் பொறுப்பெடுத்துப் பகிர்ந்தால் போதும்.

பிடிஎப் கோப்பை முதல் வருடம் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் ஒரு கிழமையில் எல்லாரிடமும் இருக்கும். பிரதிகள் முடிந்தபின், 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். 1978இன் சூறாவளியிலும் 2004இன் கடல்கோளிலும் இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளின் புத்தக அலுமாரிகள் போய்விட்டன. ஒரே பிரதி வைத்திருந்தவர்களிடம் இன்று ஒன்றும் இல்லை.

## 13. மிச்சப் பிரதிகள்

நிலத்தில் வைக்க வேண்டாம், சுவரோடு ஒட்டியும் வைக்க வேண்டாம். பலகைத் தட்டில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பொதிகளை மல்லாக்காகக் கிடத்தி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் அட்டை வளையும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து ஒரு மாரியிலேயே தாள் பழுத்துவிடும். பொலித்தீனால் சுற்றி வாயைக் கட்டி, மேலே எத்தனை பிரதி என்று எழுதுங்கள். ஒவ்வொரு புரட்டாதியிலும் மழைக்கு முன் ஒருமுறை பொதிகளை இறக்கி, கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, எண்ணிக் கொப்பியில் குறித்துவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.